அளவு சொல்லாத செடி

திருவனந்தபுரத்தில் கரமனை ஆற்றங்கரைப் பக்கமாக அந்தி மங்கும் வேளையில் நடந்து செல்பவர், குப்பைமேட்டருகே இடுப்பளவு வளர்ந்து நிற்கும் ஒரு செடியில், பகலெல்லாம் முறுக்கிக் கிடந்த மொட்டுக்கள் வெண்ணிறக் குழல்களாக விரிந்து விட்டிற்பூச்சிகளை அழைப்பதைக் காணக்கூடும். தமிழர் ஊமத்தை என்றும் மலையாளிகள் உம்மம் என்றும் வழங்கும் இச்செடி, கத்தரிக்கும் மிளகாய்க்கும் நெருங்கிய சொந்தம். வடமொழியில் இதற்கு உன்மத்தம் என்று பெயரிட்டவர்கள், இதை உண்டவனுக்கு நேரும் கதியை ஒரே சொல்லில் அடக்கிவிட்டார்கள்.

ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு பாகங்களாக அச்சேறிய, இட்டி அச்சுதன் என்னும் மலையாள வைத்தியரின் ஞானத்தைப் பெரிதும் ஆதாரமாகக் கொண்ட ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ நூலில், ‘ஹும்மத்து’ என்ற பெயரோடு இதன் சித்திரம் இருக்கிறது. லத்தீனில் முடங்கிக் கிடந்த அப்பெருநூலைப் பேராசிரியர் மணிலால் பல்லாண்டு உழைத்து ஆங்கிலத்தில் பெயர்க்க, திருவனந்தபுரத்துக் கேரளப் பல்கலைக்கழகம் 2003-இல் அதை வெளியிட்டது.

செடியின் விஷம் அட்ரோபின், ஹயோசயமின், ஸ்கோபோலமின் என்னும் பொருள்களில் உறைகிறது. சுரப்பிகளுக்கும் உள்ளுறுப்புத் தசைகளுக்கும் நரம்பின் கட்டளையைக் கொண்டு சேர்க்கும் அசிட்டைல்கோலின் வந்து அமரவேண்டிய இடத்தை இவை முந்திப் பற்றிக்கொள்வதால், நா வறள்கிறது, கண்மணி விரிகிறது, இருதயம் படபடக்கிறது; சித்தம் கலங்கியவன் வெறுங்காற்றில் எதையோ பிடிக்கக் கை துழாவுகிறான். ஆச்சரியம் யாதெனில், அதே தடையே இறுகிய மூச்சுக்குழலைத் தளர்த்தவும் செய்கிறது. சென்னையில் தலைமை வைத்தியராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் ஆஸ்துமாவுக்கு ஊமத்தைப் புகையைக் கைக்கொண்டார். ஜெனரல் ஜென்ட் என்பவர் 1802-இல் அவ்வழக்கத்தைப் பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். இன்று ஆஸ்துமாக்காரர் உறிஞ்சும் இப்ராட்ரோபியம் அட்ரோபினை மாற்றியமைத்துச் செய்த மருந்தே.

ஆயினும் செடி தன் அளவைச் சொல்வதில்லை. ஒரே புதரில் இலைக்கு இலை, வேருக்கும் விதைக்கும், பருவத்துக்குப் பருவம் விஷம் ஏறியும் இறங்கியும் நிற்கும். அதனால்தான் ஆயுர்வேத சாஸ்திரம் விதையைப் பாலில் வேகவைத்துச் சுத்தி செய்யச் சொல்கிறது. கேரள வைத்தியர் இலைச்சாற்றைத் தேங்காயெண்ணெயில் காய்ச்சிய துர்த்தூரபத்ராதியைப் பொடுகுக்குத் தலையில் தேய்க்கத் தருகிறாரேயன்றி உள்ளுக்குத் தருவதில்லை. இந்த நிதானம் நம் முன்னோரின் பேரறிவு என்றே நான் கருதுகிறேன். கைப்பிடி இலையைப் பறித்து அரைத்துக் குடிப்பவரிடம் அது இல்லை.

எனக்கு மிகுந்த கவலை தருவது நாய்க்கடி. சுஸ்ருத சம்ஹிதை வெறிநாய்க்கடிக்கு ஊமத்தையைச் சொல்லியிருப்பது மெய். வேறு கதியற்ற காலத்தின் முயற்சி அது. இன்றோ, கடிவாயைச் சோப்பிட்டுப் பதினைந்து நிமிஷம் ஓடும் நீரில் கழுவித் தடுப்பூசிக்கு விரையவேண்டிய நேரத்தை இலை பிழிவதில் போக்கியவருக்கு, ரேபீஸின் குறிகள் தோன்றிவிட்டால், பிழைப்பது அரிதினும் அரிது.