நெட்ஸில் கிங்... மேட்ச்சில் டக் அவுட்! பயிற்சியில் எங்கே தப்பு?

சனிக்கிழமை நெட்ஸில் ஒரே இடத்தில், ஒரே வேகத்தில் வரும் 50 பந்துகள். எல்லாமே பேட்டின் நடுவில் படுகின்றன. மறுநாள் மேட்ச்சில் மூன்றாவது பந்திலேயே போல்டு. ‘நெட்ஸ்ல நல்லாத்தானே ஆடின?’ என்று கேட்கும் நண்பருக்கு ஆராய்ச்சியாளர்களிடம் ஒரு பதில் இருக்கிறது: நெட்ஸில் அவ்வளவு நன்றாக ஆடியதுதான் சிக்கல்.

பேஸ்பால் சொன்ன பாடம்

1994-ல் அமெரிக்காவில் கல்லூரி பேஸ்பால் வீரர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. வழக்கமான பயிற்சியோடு, வாரம் இருமுறை கூடுதலாக 45 பந்துகள். ஒரு குழுவுக்கு வேகப்பந்து 15, வளையும் பந்து 15, மெதுவான பந்து 15 என்று வரிசையாக வீசினார்கள். இன்னொரு குழுவுக்கு அதே 45 பந்துகள். ஆனால் அடுத்து எது வரும் என்று தெரியாதபடி கலந்து வீசினார்கள்.

ஆறு வாரம் கழித்து, மேட்ச் போலவே கலந்து வீசிச் சோதித்தபோது, வரிசையாகப் பழகியவர்களின் ஆட்டம் சுமார் 25 சதவீதம் முன்னேறியிருந்தது. கலந்து பழகியவர்கள் முன்னேறியதோ சுமார் 57 சதவீதம்!

ஏன் இப்படி?

ஒரே மாதிரிப் பந்து தொடர்ந்து வந்தால், இரண்டாவது பந்திலிருந்தே மூளைக்கு வேலை குறைவு. போன முறை செய்ததை அப்படியே திரும்பச் செய்தால் போதும். பந்து மாறி மாறி வந்தால், ஒவ்வொரு முறையும் கணித்து, முடிவெடுத்து, அதற்கேற்பக் கையையும் காலையும் நகர்த்த வேண்டும். மேட்ச்சிலும் இதே வேலைதான்.

1978-ல் வந்த ஓர் ஆய்வு இன்னும் சுவாரசியமானது. 8 வயதுக் குழந்தைகளில் ஒரு குழு 3 அடி தூர இலக்கில் சின்னப் பைகளை எறிந்து பழகியது. மற்றொரு குழு 2 அடி, 4 அடி தூரங்களில் மட்டும் பழகியது. கடைசித் தேர்வு 3 அடியில். அந்தத் தூரத்தில் பழகாத இரண்டாவது குழுதான் துல்லியமாக எறிந்தது!

ஒரு எச்சரிக்கை

கலந்து பழகும்போது தப்பு அதிகம் வரும். ‘நமக்கு வரவே மாட்டேங்குதே’ என்று தோன்றும். இங்கேதான் பலர் பழைய முறைக்கே திரும்பிவிடுகிறார்கள். இன்று தடுமாறுவதைக் கற்கவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அதேநேரம், பேட்டையே முதன்முறை பிடிப்பவருக்கு அடிப்படை அசைவு கைவரும் வரை ஒரே மாதிரிப் பயிற்சிதான் வசதி. அதற்குப் பிறகு கலக்கலாம்.

நாளைக்கே செய்ய

பந்து வீசும் நண்பரிடம் வேகம், நீளம், சுழல் எல்லாவற்றையும் சொல்லாமல் மாற்றச் சொல்லுங்கள். ஷட்டில் ஆடுபவர்கள் ஸ்மாஷ், டிராப், கிளியர் மூன்றையும் மாற்றி மாற்றி அடித்துப் பழகலாம். பயிற்சியில் எத்தனை அடித்தீர்கள் என்று உடனே எண்ணாதீர்கள். அடுத்த வாரம் எத்தனை அடிக்கிறீர்கள் என்று பாருங்கள்.