ஆரஞ்சு கலர் எங்கே போச்சு? ஒரே ஒரு பூஜ்யம் செய்த வேலை... ஹெக்ஸாடெசிமல் பற்றி தெரிஞ்சுக்கோங்க!

ஒரு வெப்சைட் பட்டனுக்கு ஆரஞ்சு கலர் கொடுக்கிறார் புரோகிராமர். திறந்து பார்த்தால் பட்டனில் கலரே இல்லை. எர்ரர் மெசேஜும் வரவில்லை. அப்படி என்னதான் ஆச்சு?

நாம தினமும் பயன்படுத்துவது 0 முதல் 9 வரை பத்து இலக்கங்கள். ஹெக்ஸாடெசிமலில் 16. அதாவது 10-க்கு ஏ, 11-க்கு பி என்று போய் 15-க்கு எஃப். போனின் வைஃபை மேக் முகவரியில் நம்பரும் எழுத்தும் கலந்து வருதே, அது இதுதான். ஒரு பைட்டில் இருக்கும் 0 முதல் 255 வரையிலான எந்த எண்ணையும் இரண்டே எழுத்தில் அடக்கிடலாம் என்பதுதான் இதன் வசதி.

எப்படி மாற்றுவது?

16-ஆல் வகுத்து மீதியை எழுதிக்கிட்டே வரணும். 2024-ஐ வகுத்தால் ஈவு 126, மீதி 8. 126-ஐ வகுத்தால் ஈவு 7, மீதி 14, அதாவது இ. கடைசியில் நிற்பது 7. கீழிருந்து மேலே படித்தால் 7இ8.

பைத்தானில் இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை. 'ஹெக்ஸ்' ஃபங்ஷனில் 255 கொடுத்தால் '0எக்ஸ்எஃப்எஃப்' என்று டெக்ஸ்ட் வந்துடும். முன்னால் இருக்கும் '0எக்ஸ்' வெறும் அடையாளம். அதை நீக்க முதல் இரண்டு எழுத்தை வெட்டுறவங்க உண்டு. ஆனால் மைனஸ் 255 வந்தால் மைனஸும் பூஜ்யமும் வெட்டுப்பட்டு 'எக்ஸ்எஃப்எஃப்' என்று அர்த்தமில்லாத ஒன்று மிஞ்சும்!

பூஜ்யம் எங்கே?

ஆரஞ்சு கலருக்கு சிவப்பு 255, பச்சை 165, நீலம் 0. ஹெக்ஸில் எஃப்எஃப், ஏ5, 0. அப்படியே ஒட்டினால் 'எஃப்எஃப்ஏ50'. ஐந்தே எழுத்து. பிரவுசர் எதிர்பார்ப்பது 'எஃப்எஃப்ஏ500'. ஐந்தெழுத்து கலரை அது கண்டுக்காமல் விட்டுடும்.

கலர் போனால் கண்ணுக்குத் தெரியும், சரி பண்ணிடலாம். டவுன்லோட் செய்த ஃபைல் மாறாமல் வந்திருக்கா என்று சோதிக்கும் ஹேஷ் கோடில் இதே தப்பு நடந்தால்தான் வில்லங்கம். 1, 23 என்ற இரண்டு பைட்டுகளை ஒட்டினால் 117. 17, 7 இரண்டையும் ஒட்டினாலும் அதே 117. வேறு வேறு டேட்டா, ஒரே டெக்ஸ்ட்! இரண்டு இலக்கமாக எழுதியிருந்தால் 0117, 1107 என்று தனித்தனியாக நின்றிருக்கும்.

ஜாவாவில் இன்னொரு சிக்கல். அங்கே பைட்டின் எல்லை மைனஸ் 128 முதல் 127 வரைதான். 200 என்பது மைனஸ் 56 ஆக உட்கார்ந்திருக்கும். நேரடியாக மாற்றினால் 'சி8' வர வேண்டிய இடத்தில் அதற்கு முன்னால் ஆறு எஃப் வரிசை கட்டி நிற்கும். 255-உடன் 'அண்ட்' ஆபரேஷன் செய்துவிட்டு மாற்றினால் அது போய்விடும்.

பூஜ்யத்துக்கு வழி என்ன? பைத்தானில் ஃபார்மட் செய்யும்போது '02எக்ஸ்' என்று கொடுக்கலாம். ஜாவாஸ்கிரிப்டில் 'டுஸ்ட்ரிங்' 16 போட்ட கையோடு 'பேட்ஸ்டார்ட்' சேர்த்தால் போதும், ஆரஞ்சு பட்டன் திரும்ப வந்துடும்.