மறைந்தவர் பெயரைத் தேடும் வழி

மாணவர்களே, உங்கள் பாட்டனாரின் தந்தையார் எந்த ஆண்டில், எந்த நாளில் காலமானார் என்று கேட்டால், உங்களுள் எத்தனை பேரால் விடை கூற இயலும்? மூவேந்தர் வரலாற்றைப் பிழையின்றி ஒப்பிக்கும் மாணவரும் இவ்வினாவுக்கு வாய்திறவாது நிற்பதை என் ஆசிரியப் பணிக்காலத்தில் பலமுறை கண்டிருக்கிறேன். அஃது அவர்கள் குற்றமன்று. நாட்டுப்புறத்தில் ஒருவருடைய மரணம் எழுத்தில் ஏறுவதும், ஏறிய எழுத்து பின்வந்தோர் கைக்குக் கிட்டுவதும் அத்துணை எளிய செயல்கள் அல்ல.

தேடப் புகுவோர் எடுத்த எடுப்பில் அலுவலகத்துக்கு ஓடலாகாது. முதலில் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியோரைக் கேட்க வேண்டும். அவர்கள் தேதி சொல்லமாட்டார்கள், திதி சொல்வார்கள். "ஐப்பசி மாதம், வளர்பிறைத் தசமி" என்பார்கள். ஆண்டுதோறும் அத்திதியில் திவசம் நடப்பதால் மாதமும் திதியும் மறவாமல் நிற்கின்றன. ஆண்டு மட்டும் நழுவிவிடுகிறது. சிலர் ஆண்டின் பெயரையும் கூறுவர். அங்கும் ஓர் இடர் உண்டு. நம் ஆண்டுப் பெயர்கள் அறுபதாண்டுக்கு ஒருமுறை திரும்பி வருபவை. தாது வருடம் என்றால் பெரும் பஞ்சம் தலைவிரித்தாடிய 1876ஆ, 1936ஆ, அன்றி 1996ஆ? பேச்சின் போக்கைக் கொண்டுதான் துணிய வேண்டும்.

ஆகவே ஆண்டைக் கேளாமல் நிகழ்ச்சியைக் கேட்பது நலம். "தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோன மார்கழிக்கு அடுத்த மாதம்" என்று ஒரு மூதாட்டி கூறினால், புயல் அடித்தது 1964 டிசம்பர் 22, 23 ஆகிய நாட்களில். ஆதலால் மரணம் குரோதி வருடம் தை மாதம், அஃதாவது 1965 ஜனவரியின் பிற்பாதியிலோ பிப்ரவரியின் முற்பாதியிலோ நிகழ்ந்தது என்று கணித்துவிடலாம். பிறகு அவ்வாண்டுப் பஞ்சாங்கத்தைப் பார்த்துத் திதிக்குரிய ஆங்கிலத் தேதியை எடுத்துக்கொள்ளலாம். பழங்காலத் திதிகளைத் தேதியாக மாற்ற விரும்புவோருக்கு எல். டி. சுவாமிக்கண்ணு பிள்ளை 1911இல் வெளியிட்ட 'இந்தியன் குரோனாலஜி' என்னும் நூல் இன்றும் துணைசெய்கிறது. கணக்குப் பாடத்தில் விருப்பமுள்ள மாணவர்கள் அதனை ஒருமுறையேனும் புரட்டிப் பார்க்க வேண்டும்.

காலம் ஒருவாறு தெளிந்தபின் இடத்தைத் தெளிய வேண்டும். பலர் வழி தவறுவது இங்கேதான். இறப்பு, உயிர் பிரிந்த இடத்தில் பதியப்படுமேயன்றிச் சொந்த ஊரில் பதியப்படுவதில்லை. கிராமத்திலே பிறந்து, அங்கேயே வாழ்ந்து, கடைசி மூன்று நாள் மட்டும் நகரத்து மருத்துவமனையில் கிடந்து மாண்டவருடைய பெயர் அந்நகராட்சியின் ஏட்டில் இருக்கும். மகள் வீட்டுக்குப் போன இடத்தில் இறந்தவர் மகளுடைய ஊர் ஏட்டில் இருப்பார். சொந்த ஊரில் பத்தாண்டு ஏடுகளைப் புரட்டிவிட்டுப் "பெயரே இல்லை" என்று மனம் சோர்ந்தவர்கள் பலர்.

இனி ஏட்டின் வரலாற்றைச் சிறிது சொல்ல வேண்டும். சென்னை மாகாணத்துக்கெனப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் ஒன்று 1899இல் இயற்றப்பட்டது. ஆயினும் எல்லாச் சிற்றூர்களிலும் ஒரே நாளில் அது கட்டாயமாகிவிடவில்லை. நாடு முழுவதற்குமான இன்றைய சட்டம் 1969ஆம் ஆண்டினது. கிராமங்களில் ஏட்டை எழுதியவர் முன்பு கிராம முன்சீப். பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகள் 1980இல் ஒழிக்கப்பட்டபின் அப்பொறுப்பு கிராம நிர்வாக அலுவலரிடம் வந்தது. பழைய கிராம ஏடுகள் பல, சார்பதிவாளர் அலுவலகங்களில் காப்பில் உள்ளன. தேடுதலுக்குரிய கட்டணம் செலுத்தினால் எவரும் தேடச்செய்து, பதிவின் நகலைப் பெறலாம். சட்டம் இதற்கு உரிமை அளிக்கிறது.

ஏட்டில் ஏறியதெல்லாம் தெளிவாக இருக்கும் என்றும் எண்ணவேண்டா. என்னிடம் படித்த பெண்ணொருத்தி, தன் கொள்ளுப்பாட்டியின் பெயரில் நின்ற இரண்டு ஏக்கர் புன்செய் நிலத்துக்காக அவ்வம்மையாரின் இறப்புச் சான்று வேண்டும் என்று அலைந்துகொண்டிருந்தாள். "ஐயா, ஏட்டில் பாட்டியின் பெயரே இல்லை, பாட்டனார் பெயர்தான் இருக்கிறது" என்று வந்து நின்றாள். சென்று பார்த்தோம். 1958இல் ஒரு பதிவு: இன்னார் மனைவி, வயது ஐம்பது, காய்ச்சல். 1963இல் மற்றொரு பதிவு: அதே இன்னார் மனைவி, வயது ஐம்பது, காய்ச்சல். அப்பெரியவருக்கு மனைவியர் இருவர். இருவருள் நிலத்துக்குரிய மூத்தவர் எந்தப் பதிவுக்குரியவர்?

வயதை நம்பிப் பயனில்லை. வயது தெரியாதபோது ஐம்பது, அறுபது என்று முழு எண்ணாக எழுதிவிடுவது அக்கால வழக்கம். காய்ச்சல் என்பதும் பல நோய்களுக்குப் பொதுப்பெயராக நின்ற சொல்லே. எங்களுக்குக் கைகொடுத்தது பழைய பத்திரம் ஒன்று. 1961இல் அப்பெரியவர் தம் மக்களுக்குப் பாகப்பிரிவினை எழுதிவைத்திருந்தார். அதன் முகப்பில், மூத்த மனைவி காலஞ்சென்றுவிட்டபடியாலும் இளைய மனைவியின் சம்மதத்தின் பேரிலும் என்று காரணம் கூறப்பட்டிருந்தது. ஆகவே 1958ஆம் ஆண்டுப் பதிவே மூத்தவருக்குரியது. பத்திரங்களின் முகப்பில் இத்தகைய குடும்பச் செய்திகள் பொதிந்து கிடப்பதைச் சொத்து வழக்காடுவோர் நன்கறிவர். வரலாறு தேடுவோர் ஏனோ கவனிப்பதில்லை.

பெண்ணின் பெயரை எழுதாமல் உறவுமுறையை மட்டும் எழுதியது ஒரு குறை. பெயரிடுமுன் இறந்த குழந்தைகள் பலர் ஏட்டில் ஏறாமலே போனது மற்றொரு குறை. சொல்லுவார் இருந்தால்தான் எழுதுவார் எழுதுவர். சொத்துள்ள வீட்டு மரணத்தைச் சொல்ல ஆள் உண்டு; கூலிக்கு ஊர்விட்டு ஊர் சென்றவனுடைய மரணத்தைச் சொல்ல யார் உளர்? ஆதலின், ஏட்டில் இல்லை என்பதனால் இறப்பே நிகழவில்லை என்றாகாது.

ஏடு கைவிட்ட இடத்தில் வேறு சான்றுகள் உண்டு. கிறித்தவக் குடும்பத்தினர் தம் திருச்சபையின் அடக்கப் பதிவேட்டைக் கேட்கலாம். அரசு ஏட்டினும் பழைமையான அடக்கப் பதிவேடுகள் சில ஊர்களில் உள்ளன. சென்னை மாகாணத்துக் கல்லறை வாசகங்களை ஜே. ஜே. காட்டன் என்பவர் திரட்டி 1905இல் நூலாக்கினார். அதில் பெரும்பாலோர் ஐரோப்பியர். நாளிதழ்களின் மரண அறிவிப்புகளும் பயன்படும். ஆனால் நான் அறிந்தவரை அவை பெரிதும் நகரத்தவர்க்கும் வசதியுள்ளார்க்கும் உரியவை. பழைய இதழ்களைப் பார்க்கச் சென்னையில் 1994இல் நிறுவப்பட்ட ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உள்ளது.

இவ்வகையில் யாழ்ப்பாணத்தவர் நம்மினும் முந்திநிற்கின்றனர் என்றே சொல்வேன். அங்கே ஒருவர் மறைந்து முப்பத்தொன்றாம் நாள் நடைபெறும் அந்தியேட்டிச் சடங்கை ஒட்டி, அவருடைய வாழ்க்கை, வமிசவழி, இரங்கற்பாக்கள் ஆகியவற்றை அச்சிட்டு வழங்கும் வழக்கம் உண்டு. அச்சிறு நூலுக்கு அவர்கள் இட்ட பெயர் 'கல்வெட்டு'! இத்தகைய நினைவு வெளியீடுகள் பல இன்று 'நூலகம்' என்னும் மின்னூலகத்தில் எவரும் படிக்குமாறு வைக்கப்பட்டுள்ளன.

அப்பெயர் பொருத்தமில்லாததும் அன்று. மறைந்தவரைக் கல்லில் எழுதுவது தமிழருக்குப் பழைய வழக்கம். தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ்ப் பிராமி எழுத்துடைய நடுகற்கள் கண்டெடுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று, கூடலூரில் நிகழ்ந்த ஆநிரைப் போரில் மடிந்த வீரனைப் பெயர் சுட்டிக் கூறுகிறது. ஊர், பேர், இறந்த காரணம் மூன்றும் ஒரு சிறு கல்லில் அடங்கிவிட்டன. நம் கிராம ஏட்டிற் சில பக்கங்களில் இவை மூன்றும் ஒருங்கே கிடைப்பதில்லை.

எங்கும் பதியப்படாத மரணமாயின் யாது செய்வது? இருபத்தொரு நாளுக்குள் அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். ஓராண்டும் கடந்துவிட்டால், முன்பு முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டின் உத்தரவு தேவைப்பட்டது. 2023இல் வந்த திருத்தத்தின்படி மாவட்ட மாஜிஸ்திரேட்டோ அவரால் அதிகாரம் பெற்றவரோ உண்மையை ஆராய்ந்து உத்தரவிடுவார். அப்போது, தேடியும் பதிவு இல்லை என்னும் சான்று முதலில் கேட்கப்படும். ஆகையால் வெறுங்கையோடு திரும்ப நேர்ந்தாலும் அச்சான்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இறுதியாக ஒன்று. நீங்கள் பெறும் நகலில் இறப்பின் காரணம் இராது. ஏட்டில் அது எழுதப்பட்டிருப்பினும், நகலில் வெளியிடலாகாது என்று 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடுத்திருக்கிறது. அதனை அறிய விரும்புவோர் மீண்டும் திண்ணைக்குத்தான் வரவேண்டும். அங்கு அமர்ந்திருக்கும் முதியோர் இருக்கும்போதே வரவேண்டும்.