குமிழும் திரையும்

மொனராகலையில் தமிழ் கற்பிக்கும் என்னிடம், அமெச்சூர் வானொலியில் ஆர்வமுற்ற மாணவர் சிலர் ஒரு வினா விடுத்தனர்: உரிமம் பெற்றபின் பழைய வகைப் பொறியை வாங்குவதா, மென்பொருளால் இயங்கும் புதியதை வாங்குவதா?

பழையதில் சுருளும் மின்தேக்கியும் படிக வடிப்பானும் அலையைப் பிரித்தெடுக்கும்; குமிழைத் திருகிச் செவியால் தேடவேண்டும். புதியதோ அலையை எண்களாக்கி மென்பொருளிடம் ஒப்படைக்கும். அலைவரிசைப் பரப்பு திரையில் ஓவியமாய் விரியும். இச்சிறப்பை நான் மறுக்கவில்லை. தனித்தியங்குவனவும் அவற்றுள் உள. ஆயினும் பல, கணினியின்றிப் பேசா.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையால் அம்பாந்தோட்டையின் தொடர்பு அற்றபோது, விக்டர் குணதிலக முதலிய இலங்கை வானொலிச் சங்கத்தார் சிற்றலை வழியே அதனைக் கொழும்போடு இணைத்தனர். அந்தமானின் போர்ட் பிளேரில் பாரதி பிரசாத் குழுவினரும் அவ்வாறே தொண்டாற்றினர்.

ஊவா மக்களுக்கு இஃது அயற்செய்தி அன்று. 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு லயன்களை மூடியதை மறப்போமா? பெருமழை நாளில் மின்சாரமும் கைத்தொலைபேசியும் ஒருங்கே ஓயக்கூடும். அன்று 12 வோல்ட் கார் பற்றரியும் மரத்திற் கட்டிய கம்பியும் கொண்டு பேசவல்ல பொறியே உற்ற துணை.

ஆதலின் முதற்கருவியாகப் பழையதையே கொள்க. செவி பழகியபின் புதியதையும் கற்க. பிறவற்றின் துணையை நாடாத கருவியே இடுக்கணில் பிறர்க்குத் துணையாகும்.