லோடு ஏத்தினா 'உட்காரும்' குட்டி யானை! எக்ஸ்ட்ரா பட்டையா? காற்றுப்பையா?

சிறுசேரி, கேளம்பாக்கம், தையூர் பகுதிகளில் சிமெண்ட், செங்கல், தண்ணீர் கேன் ஏற்றி ஓடும் 'குட்டி யானை', பிக்-அப் வண்டிகளில் சில, பின்பக்கம் தாழ்ந்து, மூக்கைத் தூக்கியபடி போகின்றன. இப்படி ஓட்டினால் ஸ்டீயரிங் பிடிமானம் குறையும். ஹெட்லைட் வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். ராத்திரி நேரத்தில் ஓ.எம்.ஆரில் இது உயிருக்கே உலை வைத்துவிடும்.

சரி செய்வது எப்படி? முதலில் காலி வண்டியை சமதளத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். காலியாக நிற்கும்போதே தாழ்ந்திருந்தால் ஸ்பிரிங் பட்டை தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். புதுசு மாற்றுவதே நல்லது. பழைய பட்டையை தட்டி வளைத்தால் செலவு கம்மி. ஆனால் சீக்கிரமே மறுபடியும் உட்கார்ந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் சாய்ந்தால் பட்டை உடைந்திருக்கலாம்.

லோடு ஏத்தினால் மட்டும் தாழ்கிறதா? தினமும் லோடு அடிப்பவர்களுக்கு எக்ஸ்ட்ரா பட்டை கைகொடுக்கும். ஆனால் காலியாக வரும்போது வண்டி தூக்கிப் போடும். ஒருநாள் லோடு, ஒருநாள் காலி என்பவர்களுக்கு காற்றுப்பை வசதி. காற்றைக் கூட்டி, குறைத்து மட்டம் பார்க்கலாம். விலை அதிகம், ஓட்டை விழுந்தால் தொல்லை.

எதைப் போட்டாலும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எடைதான் கணக்கு. பட்டை தாங்கினாலும் பிரேக்கும் டயரும் தாங்காது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி ஓவர்லோடுக்கு அபராதம் ரூ.20 ஆயிரம். அதிகப்படியான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் ரூ.2 ஆயிரம்!