காபி எப்படிக் குடிப்பீர்கள்?

கருப்பு பீர் ரசிகர்கள் ஏழு பேர் கூடியிருக்கும் மொட்டை மாடியில், "இதுல எது நல்லாயிருக்கும்?" என்று ஒரு புதியவர் கேட்கக் கூடாது. கேட்டுவிட்டார். பெங்களூரு, டிசம்பர் மாதக் குளிர், ஆளுக்கொரு பாட்டில் கொண்டுவந்து பகிர்ந்துகொள்ளும் எங்கள் வழக்கமான சபை. சபை என்றதும் ஏதோ நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பாட்டிலை ஏழாகப் பிரித்தால் டம்ளரில் இரண்டு விரல் உயரம் வந்தால் அதிகம். ருசி பார்க்கப் போகிறோம், போதைக்கு அல்ல என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருப்பதால் அந்த அளவு எல்லாருக்கும் வசதிதான்.

கேட்டவர் கும்பகோணத்துக்காரர், என் அலுவலக நண்பர். நம்மூர் மதுக்கடைகளில் பீர் சம்பந்தமாக இரண்டே கேள்விகள் உண்டு: "ஸ்ட்ராங்கா?", "கூலிங் இருக்கா?" அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். அவர் கேட்டதும் ஆறு பேர் ஆறு பெயர் சொன்னார்கள். இறுதியில் குரல் பெரியவர் ஜெயித்தார். அமெரிக்காவிலிருந்து பெட்டியில் துணிக்கு நடுவே சுற்றி எடுத்துவந்த இம்பீரியல் ஸ்டவுட் என்னும் கருப்பு பீர் ஒன்று திறக்கப்பட்டது. விஸ்கி வைத்திருந்த மரப்பீப்பாயில் மாதக்கணக்காக ஊறியது, 12 சதவீதம் ஆல்கஹால். வண்டிக்குப் போடும் ஆயில் மாதிரி டம்ளரில் இறங்கியது. நண்பர் ஒரு மிடறு குடித்தார். குழந்தைக்கு விளக்கெண்ணெய் புகட்டினால் வருமே, அந்த முகம்.

"டேய், இதுல யாரோ எரிஞ்ச குச்சியைப் போட்டு அணைச்சிருக்காங்கடா."

சபையில் மூத்தவர் ஒருவர் உண்டு. யாழ்ப்பாணத்தில் பிறந்து, கொழும்பு வெள்ளவத்தையில் வளர்ந்து, வேலைக்காக பெங்களூரு வந்தவர். எங்களுக்கெல்லாம் அண்ணன். அதுவரை வாய் திறக்காதவர் நண்பர் பக்கம் திரும்பி, "தம்பி, நீங்கள் கோப்பி எப்பிடிக் குடிக்கிறனீங்கள்?" என்றார்.

"பால் கொஞ்சம் நிறைய, சர்க்கரை ரெண்டரை ஸ்பூன்."

"அப்ப ஏன் இவங்கள் உங்களுக்கு இதைத் தந்தவங்கள்?"

நான் கேட்ட பீர் சிபாரிசுகளிலேயே உருப்படியானது அந்தக் கேள்விதான். ரசிகர்களிடம் உள்ள பொதுவான வியாதி, தங்களை மயக்கிய பாட்டிலை அடுத்தவர் வாயில் ஊற்றுவது. பத்து வருடம் குடித்துப் பழகி வந்துசேர்ந்த இடத்துக்கு, நேற்று புறப்பட்டவரை இழுத்துப்போட்டுவிடுவார்கள். கர்நாடக சங்கீதம் கேட்டே இராதவரை முதல் நாளே நாலு மணி நேரக் கச்சேரியில், ராகம் தானம் பல்லவிக்கு நடுவே உட்கார வைப்பது போல.

அண்ணன் காபியைப் பிடித்தது வேடிக்கைக்கு அல்ல, அதில் சரித்திரமே இருக்கிறது. பீரின் மூலப்பொருள் மால்ட்: பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, சூட்டில் உலர்த்தியது. லண்டனில் 18-ஆம் நூற்றாண்டில் பெயர்பெற்ற, ஸ்டவுட்டுக்கு முன்னோடியான போர்ட்டர் என்னும் கரும்பழுப்பு பீர், ஆரம்பத்தில் பழுப்பு மால்ட்டில் செய்யப்பட்டது. தெருவிலும் தேம்ஸ் துறையிலும் மூட்டை சுமந்த போர்ட்டர்கள் விரும்பிக் குடித்ததால் அந்தப் பெயர். பிறகு பீர் ஆலைகளுக்குச் சர்க்கரையை அளக்கும் ஹைட்ரோமீட்டர் வந்தது. அளந்து பார்த்தால், பழுப்பு மால்ட்டைவிட வெளிர் மால்ட்டில்தான் சர்க்கரை அதிகம் கிடைக்கிறது. காசைக் கணக்குப் பார்த்த முதலாளிகள் வெளிர் மால்ட்டுக்குத் தாவினார்கள். பீரும் வெளுத்துப்போனது. கருப்பு கேட்கும் வாடிக்கையாளருக்கு என்ன பதில்? கருக்கிய சர்க்கரையும் இன்னும் என்னென்னவோ உள்ளே போயின. 1816-இல் மால்ட்டும் கசப்புக்கான ஹாப்ஸ் பூவும் தவிர எதையும் சேர்க்கக் கூடாது என்று பிரிட்டிஷ் சட்டம் தடைபோட்டது.

அடுத்த வருடமே, 1817-இல், டேனியல் வீலர் என்பவர் மால்ட்டைக் கருக வறுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். காபிக்கொட்டை வறுப்பது போல, சுழலும் இரும்பு உருளையில் மால்ட்டைப் போட்டு 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேற்றுவது. வறுபட்டு முடியும் நேரத்தில் தண்ணீர் தெளிக்காவிட்டால் சரக்கு தீப்பற்றிக்கொள்ளும். கும்பகோணத்தில் காபிக்கொட்டை வறுக்கும் கடை வாசலில் நின்றவர்களுக்கு இதில் எதையும் விளக்க வேண்டாம். வறுபட்ட கொட்டை வெடிக்கும் சத்தம், மூக்கில் ஏறும் புகை, பதம் தப்பினால் கரி. நம் நாக்குக்கு இந்த ருசி ஏற்கெனவே தெரியும். வேறு பாத்திரத்தில் வந்ததால் அடையாளம் தெரியவில்லை.

கருப்பு என்றால் கனம், போதை என்று நினைப்பது தப்பு. நூறு கிலோ மால்ட்டில் பத்துக் கிலோ கருகினது இருந்தாலே பீர் கருத்துவிடும். மிச்சம் பெரும்பாலும் வெளிர் மால்ட்தான். சாயத்துக்கும் சாராயத்துக்கும் சம்பந்தமில்லை. டப்ளினின் கின்னஸ் டிராஃப்ட் 4.2 சதவீதம்தான், நம்மூர் ஸ்ட்ராங் பீர் அதைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். வெளிச்சத்துக்கு நேரே டம்ளரைப் பிடித்தால் அது கருப்புகூட இல்லை, ஓரத்தில் மாதுளைச் சிவப்பு. ஸ்டீல் டம்ளரில் குடிக்கிறவர்களுக்கு இந்தக் காட்சி இல்லை. எங்கள் சபையில் கண்ணாடி டம்ளர் கட்டாயமானது இதற்காகத்தான்.

அண்ணன் அன்று தன் பையிலிருந்து எடுத்தது சிங்கம் போட்ட லேபிள். லயன் ஸ்டவுட். இலங்கைச் சரக்கு.

எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது. பெல்ஜியத்தையும் அமெரிக்காவையும் மனப்பாடமாக ஒப்பிக்கத் தெரிந்த கூட்டம் நாங்கள். ராமேஸ்வரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் நாட்டில் ஒரு நல்ல ஸ்டவுட் இருப்பது எங்களில் பாதிப்பேருக்குத் தெரியாது. ஆனால் மேற்கத்திய ரசிகர்கள் தயாரிக்கும் வெப்பநாட்டு ஸ்டவுட் பட்டியலில் அது ரொம்ப நாளாகவே இருக்கிறது. அதற்கு ஒரு பெரிய காரணம் மைக்கேல் ஜாக்சன். பாடகர் இல்லை. 1942-இல் பிறந்த பிரிட்டிஷ் எழுத்தாளர். பெயரை வைத்து வாழ்நாள் முழுக்கக் கிண்டல் கேட்டவர். 1977-இல் வெளியான அவருடைய உலக பீர் வழிகாட்டி நூல்தான், இன்று ரசிகர்கள் சர்வசாதாரணமாகச் சொல்லும் பீர் வகைப் பிரிவுகளுக்கு அஸ்திவாரம். அவர் லயன் ஸ்டவுட்டைப் பாராட்டி எழுதினார். அந்தப் பாராட்டு ஏற்றுமதி பாட்டிலின் லேபிளிலேயே ஏறியது. ஒரு மனிதரின் சிபாரிசு ஒரு பாட்டிலை எத்தனை தூரம் கொண்டுபோகும் என்பதற்கு நல்ல உதாரணம்.

அந்த ஆலை 1881-இல் நுவரெலியாவில், லவர்ஸ் லீப் அருவிப் பக்கம் தொடங்கியது. கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கு மேல்; சுற்றிலும் தேயிலைத் தோட்டம், தோட்டத்து லயங்களில் நம் தமிழ்ச் சனம். துரைமார்களுக்கு அந்தக் குளிரில் இங்கிலாந்து ஞாபகம் வந்திருக்கும். பார்லியும் ஹாப்ஸும் கப்பலில் வந்தன. 1990-களின் கடைசியில் உற்பத்தி கொழும்புக்குப் பக்கத்திலுள்ள பியகமவுக்கு இறங்கியது. 2016 மே மாத வெள்ளத்தில் அந்த ஆலையே மூழ்கி, மாதக்கணக்கில் மூடிக்கிடந்தது. "அந்த வருசம் நாங்கள் பட்ட பாடு," என்று அண்ணன் கையைத் தலைக்கு மேல் தூக்கினார்.

அதே இலங்கையில் 'சாண்டோ' என்ற பெயரிலும் ஒரு ஸ்டவுட் விற்றது. யூஜின் சாண்டோ என்ற பயில்வானின் பெயர்தான் தமிழில் பலசாலிகளுக்கெல்லாம் பட்டமாயிற்று; சாண்டோ சின்னப்பா தேவர் வரைக்கும் வந்தது. அந்தப் பட்டம் ஒரு பாட்டிலுக்கும் கிடைத்திருக்கிறது. கருப்பு பீர் பலம் தரும் என்ற நம்பிக்கை எல்லா ஊரிலும் இருந்ததுதான். 1929-இல் கின்னஸ் விளம்பரமே உடம்புக்கு நல்லது என்றுதான் ஆரம்பித்தது. மலேசியாவில் பிள்ளை பெற்ற சீனப் பெண்களுக்கு அதைக் கொடுக்கும் பழக்கம் இருந்தது. நான் அப்படியெல்லாம் சொல்லவில்லை. மது உடல்நலத்துக்குக் கேடு என்ற வரியை ஆசிரியர் இந்தப் பக்கத்தின் அடியில் போடுவார். அவரோடு எனக்குச் சண்டையில்லை.

வேர்த்துக் கொட்டும் ஊர்களில் இந்தக் கெட்டியான பானம் எப்படி நிலைத்தது? லண்டனும் டப்ளினும் தூர தேசங்களுக்கு அனுப்பியது ஆல்கஹாலும் ஹாப்ஸும் கூடுதலாகப் போட்ட ஸ்டவுட். மாதக்கணக்கான கப்பல் பயணத்தில் கெடாமல் நிற்க அதுதான் வழி. கரைசேர்ந்த ஊரில் நாக்கு அதற்கே பழகிவிட்டது. ஜமைக்கா, நைஜீரியா, மலாயா, சிலோன் என்று வெள்ளைக்காரர் வணிகம் போன பாதையெல்லாம் ஸ்டவுட் தங்கியிருக்கிறது. மலாயாவுக்கு வந்த கின்னஸ் பாட்டிலின் லேபிளில் ஒரு புல்டாக் தலை இருக்கும்; பார்த்த ஹொக்கியன் சீனர்கள் அதைக் 'கருப்பு நாய் பீர்' என்றே அழைத்தார்கள். பீர் பெயர்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது இது.

சிபாரிசு அளவுக்கு மீறினால் என்ன ஆகும் என்பதற்கு பெல்ஜியத்தின் வெஸ்ட்விளெட்டரன் ஊர்த் துறவியர் மடத்தைச் சொல்வார்கள். ஸ்டவுட் இல்லை, கரும்பழுப்பு, 10.2 சதவீதம், பெயர் வெறும் 12. பாட்டிலில் ரொம்ப காலம் லேபிளே இருக்கவில்லை, விவரமெல்லாம் மூடியில். 2005-இல் ரசிகர்கள் மதிப்பெண் போட்டுத் தொகுத்த பட்டியல் ஒன்றில் உலகின் முதல் பீராக வந்துவிட்டது. மடத்து வாசலில் கார்கள் வரிசை கட்டின. வேறெந்த முதலாளியாக இருந்தாலும் உற்பத்தியைப் பத்து மடங்காக்கியிருப்பார். துறவிகள் மறுத்துவிட்டார்கள், மடத்தின் செலவுக்கு வேண்டியதைத்தான் காய்ச்சுவோம் என்றார்கள். முன்கூட்டியே போன் செய்து, கார் நம்பரைப் பதிவு செய்தால்தான் பெட்டி கிடைக்கும் என்ற ஏற்பாடு பல வருடம் நடந்தது. அமெரிக்காவில் கதை எதிர்த்திசை. சிகாகோவின் கூஸ் ஐலண்ட் 1990-களில் விஸ்கிப் பீப்பாயில் ஸ்டவுட்டை ஊறவைத்து ஒரு புதிய மோகத்தைக் கிளப்பியது. 2011-இல் அந்தக் கம்பெனியையே பெருநிறுவனம் ஒன்று விழுங்கிவிட்டது.

அண்ணனின் வைத்திய முறைக்கு வருகிறேன். பாலும் சர்க்கரையும் தூக்கலாகக் குடிக்கும் கும்பகோணத்தாருக்கு முதலில் மில்க் ஸ்டவுட். பால் சர்க்கரையான லாக்டோஸை பீர் ஈஸ்ட்டால் தின்ன முடியாது. அதனால் அந்த மெல்லிய இனிப்பு கடைசிவரை தங்கும். கொலராடோவின் லெஃப்ட் ஹேண்ட் இதில் பேர்போனது. டிகாக்‌ஷன் கூட, சர்க்கரை குறைய என்பவருக்கு ஓட்ஸ் சேர்த்த ஸ்டவுட். யார்க்‌ஷயரின் சாமுவேல் ஸ்மித் காய்ச்சுவது பழைய வகையைத் தூசி தட்டி எடுத்தது, கூழ் போல வழுக்கிக்கொண்டு இறங்கும். கடுங்காப்பிக்காரர்களுக்கு ஐரிஷ் டிரை ஸ்டவுட். முளைகட்டாத பார்லியை வறுத்துச் சேர்ப்பதால் வரும் கசப்பு நேரே அடிநாக்கில் போய் உட்காரும். காபியே ஆகாது, டீதான் என்பவரை ஜெர்மனியின் ஷ்வார்ஸ்பியர் பக்கம் அனுப்ப வேண்டும். பார்க்கக் கருப்பு, குடிக்க லேசு. கருப்பட்டி போட்ட சுக்குக் காபியில் வளர்ந்தவர்களுக்கு? சிங்கம்தான்.

இது பெரிய ஆராய்ச்சி ஒன்றுமில்லை, ஏழு பேர் நாக்கில் கண்ட முடிவு. குறைந்த மாதிரிகளை வைத்து முடிவுக்கு வருவதற்கான கணிதத்தைக் கொடுத்தவரே கின்னஸ் ஆலை ஊழியர்தான் என்பது எங்களுக்கு ஆறுதல். வில்லியம் கோசெட், 1908-இல், வேலை பார்த்த இடத்தின் கட்டுப்பாட்டால் சொந்தப் பெயர் போட முடியாமல் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் கட்டுரை வெளியிட்டார். கல்லூரியில் என்னை அழவைத்த ஸ்டூடண்ட் டி-டெஸ்ட் அதுதான்.

அன்று லயனைத் திறக்குமுன் யாரோ அதை ஐஸ் பெட்டிக்குள் தள்ளப் பார்த்தார்கள். "தம்பி, அதைக் குளிரில வைச்சுக் கெடுத்துப் போடாதேங்கோ," என்று அண்ணன் பிடுங்கிக்கொண்டார். விறைக்கக் குளிர்ந்தால் நாக்கு மரத்துப்போகும். வறுவல் வாசனையும் எழாது. மிதமான குளிர் போதும். பெங்களூரு டிசம்பர் ராத்திரியில் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் கொஞ்ச நேரம் வைத்தாலே போதும். டம்ளரைச் சாய்த்து மெதுவாக ஊற்றினார். வெல்லப்பாகு நிறத்தில் நுரை கட்டியது. மூக்கைக் கொண்டுபோனால் முதலில் கருப்பட்டி, அடுத்து சற்றே தீய்ந்த காபி, அதற்கும் அடியில் உலர்ந்த திராட்சை. 8.8 சதவீதம் என்று லேபிளில் பார்த்தால்தான் தெரியும்.

கும்பகோணத்தார் குடித்தார். ஒன்றும் சொல்லவில்லை. டம்ளரை நீட்டினார்.

அண்ணன் கொண்டுவந்தவை இரண்டு பாட்டில்கள். இரண்டாவது என்னிடம் இருக்கிறது. இந்த அளவு ஆல்கஹால் உள்ள ஸ்டவுட் சில வருடம் தாங்கும், வெளிச்சம் படாமல் வைத்தால் கசப்பு அடங்கி இன்னும் கனியும் என்று கேள்வி. அரிசி டின்னுக்குப் பின்னால் இருட்டில் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பொங்கலுக்கும் வெள்ளையடிக்க வீட்டை ஒழிக்கும்போது, இது எப்போது வெளியே போகும் என்று மனைவி கேட்பாள்.

போன வாரம் கும்பகோணத்தார் வீட்டுக்கு வந்திருந்தார். நேரே சமையலறைக்குப் போய் டின்னுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"இருக்கா?"

"இருக்கு."

"ஃப்ரிட்ஜுல வைக்கலையே?"

"வைக்கலை."

காபி போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை வேண்டாம் என்றார்.