743 பேர், 1.6 மடங்கு, 11 உயிர்கள்

திருமலையில் பக்தர்களுக்கான தரிசனம் 2020 ஜூன் 11இல் மீண்டும் தொடங்கியது. இரண்டு மாதம் கழித்து, ஆகஸ்ட் 9இல் தேவஸ்தானம் சொன்ன கணக்கு இது: கொரோனா தொற்றிய ஊழியர்கள் 743. குணமானவர்கள் 402, சிகிச்சையில் 338, இறந்தவர்கள் 3. மலையும் ஒன்று, வைரஸும் ஒன்று, விளைவு மட்டும் ஆளுக்கு ஆள் மாறியது.

வயதும் சர்க்கரை நோயும் முதல் காரணங்கள். அவற்றுக்குப் பிறகு மரபணுவுக்கும் ஒரு பங்கு உண்டு. மூன்றாம் குரோமோசோமில் ஏறக்குறைய 50,000 எழுத்து நீளத்தில் ஒரு துண்டு இருக்கிறது. நியாண்டர்தால் மனிதரிடமிருந்து வந்தது. அது உள்ளவருக்கு நோய் முற்றி மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு சுமார் 1.6 மடங்கு என்று 2020இல் மரபணு ஆய்வாளர்கள் செபெர்க், பேபோ இருவரும் எழுதினார்கள். ஐரோப்பியரில் 16 சதவீதம் பேரிடம் இருக்கும் அந்தத் துண்டு, தெற்காசியரில் பாதிப் பேரிடம் இருக்கிறது.

நம் ரத்தத்திலேயே கோளாறு என்று இதை வைத்து முடிவு கட்டக் கூடாது. தெற்காசியாவில் அந்தத் துண்டு எங்கே அதிகம், எங்கே தொற்றும் சாவும் அதிகம் என்று 2021இல் இந்திய ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். இரண்டுக்கும் தொடர்பே தெரியவில்லை.

தொற்றியும் தும்மல்கூட வராதவர்கள் கணக்கு வேறு. 2023இல் வந்த அமெரிக்க ஆய்வில், தொற்றிய 1,428 பேரில் 136 பேருக்கு எந்த அறிகுறியும் இல்லை. அவர்களில் ஐந்தில் ஒருவரிடம் எச்.எல்.ஏ-பி*15:01 என்ற மரபணு வகை இருந்தது. அறிகுறி வந்தவர்களில் 9 சதவீதம்தான். தாய், தந்தை இருவரிடமிருந்தும் அதைப் பெற்றவர் அறிகுறியின்றித் தப்பும் வாய்ப்பு எட்டு மடங்குக்கும் மேல். காரணம் இது: சாதாரணச் சளி வைரஸிலும் கொரோனா வைரஸிலும் ஒரே மாதிரியான புரதத் துணுக்கு ஒன்று உண்டு. பழைய சளியில் அதைக் கண்டு பழகிய அவர்களின் நோய் எதிர்ப்பு டி செல்கள் கொரோனா வைரஸையும் முளையிலேயே அழித்துவிடுகின்றன. ஆனால் அந்த ஆய்வு வெள்ளையரிடம் நடந்தது. நமக்கு நம் கணக்கு வேண்டும்; 99 சமூகங்களிலிருந்து 10,000 பேரின் மரபணுத் தொகுதியை ஜீனோம் இந்தியா திட்டம் 2024இல்தான் படித்து முடித்தது.

மரபணு தரும் 1.6 மடங்கை எவராலும் குறைக்க முடியாது. குறைக்க முடிந்த இழப்புகளைத்தான் நான் முதலில் எழுதுவேன். 2021 மே 10 இரவு, அன்றைய சித்தூர் மாவட்டத்துத் திருப்பதியில், ரூயா அரசு மருத்துவமனைக்கு ஆக்சிஜன் டேங்கர் வரத் தாமதமானது. குழாயில் அழுத்தம் இறங்கியது. தீவிர சிகிச்சைப் பிரிவில் 11 பேர் இறந்தார்கள். அவர்களிடம் அந்த நியாண்டர்தால் துண்டு இருந்ததா என்பது இந்தக் கணக்குக்குத் தேவையில்லை. குடும்பத்துக்கு 10 லட்சம் வீதம் மாநில அரசு அறிவித்த தொகை 1 கோடியே 10 லட்சம் ரூபாய்.